பழைய வீடுகள் நிறைந்த எங்கள் பகுதியைக் காக்க உங்கள் அனுபவம் தேவை

அனைவருக்கும் வணக்கம். நூறாண்டு கடந்த வீடுகள் பொதுச்சுவருடன் நெருங்கி நிற்கும் பழைய நகர்ப்பகுதி ஒன்றில் வசிக்கிறேன். அவை ஒவ்வொன்றாக இடிபடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க மனம் ஒப்பாததால், குடியிருப்போர் சிலர் சேர்ந்து எஞ்சிய வீடுகளை ஆவணப்படுத்தத் தொடங்கியுள்ளோம்.

இடிப்பதைவிடவும் எங்களைக் கவலைப்படுத்துவது தவறான பழுதுபார்ப்புதான். சுண்ணாம்புக் காரையால் கட்டிய சுவர் ஈரத்தை உள்வாங்கி ஆவியாக வெளியே விடும் இயல்புடையது. அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளே தங்கி, உப்புப் பூத்துச் செங்கல்லையே அரித்துவிடுகிறது. பக்கத்து வீட்டில் சிமென்ட் பூச்சு பாளமாகப் பெயர்ந்தபோது, பின்னாலிருந்த செங்கல் விரல் பட்டதும் மாவாக உதிர்ந்தது. நல்லெண்ணத்தில் செய்த வேலை அது என்பதுதான் வேதனை.

வரலாற்று நகரங்களைக் காப்பதற்காகப் பன்னாட்டு மரபுப் பாதுகாப்பு அமைப்பான ICOMOS 1987இல் வகுத்த வாஷிங்டன் சாசனம், தனிக் கட்டடங்களோடு தெருக்களின் அமைப்பையும் திறந்தவெளிகளையும் சேர்த்தே காக்கச் சொல்கிறது. குடியிருப்போரின் பங்கேற்பு இன்றியமையாதது என்றும் வலியுறுத்துகிறது. எங்களுக்கோ அந்தப் பங்கேற்பைத் திரட்டுவதே கடினமாக உள்ளது. குறிப்பாக, பல வாரிசுகளுக்குப் பொதுவான வீடுகளில் யாரிடம் பேசுவதென்றே தெரியவில்லை.

இத்தகைய வாரிசுகளை ஒருங்கிணைத்த அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டுங்கள். வீடுகளைப் பதிவுசெய்ய நீங்கள் பயன்படுத்திய படிவத்தின் மாதிரி இருந்தாலும் பகிருங்கள். சுண்ணாம்புப் பூச்சில் தேர்ந்த கொத்தனாரை எப்படி அடையாளம் காண்பது, ஏற்கெனவே பூசிய சிமென்டைச் செங்கல்லுக்குச் சேதமின்றி அகற்ற முடியுமா என்பதையும் அறிந்தவர்கள் விளக்கினால் பெரிதும் நன்றியுடையவனாக இருப்பேன்.