மேல் மாடி ரூம்ல ராத்திரி சூடு தாங்கல, அம்மா தூங்க வழி சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கம். நாங்க இருக்கறது மேல் மாடி, தலைக்கு நேரா மேல கான்கிரீட் தளம்தான். பகல் பூரா வெயில்ல காஞ்ச தளம் ராத்திரி அந்த சூட்டை அப்படியே உள்ள இறக்குது, வெளிய காத்து இதமா ஆனப்புறமும் ரூம் மட்டும் அடுப்படி மாதிரி இருக்கு. அம்மாவுக்கு எழுபது தாண்டிடுச்சு, பிபி மாத்திரை சாப்பிடறாங்க, ராத்திரி புரண்டு புரண்டு படுத்துட்டு காலைல தலை சுத்துதுங்கறாங்க, அதான் எனக்கு பெரிய கவலை (டாக்டர்கிட்டயும் காட்டப்போறோம்).

பகல்ல ஜன்னலை மூடி திரை போட்டு, வெளிய சூடு இறங்கினதும் எல்லாத்தையும் திறந்து விடறோம், ஓரளவு கேக்குது. படுக்கறதுக்கு முன்னாடி வெதுவெதுப்பான தண்ணில குளிச்சா தோல் வழியா சூடு வெளிய போய் உடம்பு தணியுது. ஆனா ஃபேன் காத்தை குளிராக்காதுல்ல, வேர்வையை காய வைக்கறதுதான் அதோட வேலை, ரூமே 40 டிகிரி கிட்ட போனா சூட்டு காத்தை மேல அடிக்கத்தான் செய்யும். ஏர் கூலர் வாங்கலாம்னா இங்க ஈரப்பதம் ஜாஸ்தி, அதுல அது சரியா வேலை செய்யாது.

மாடில வெள்ளை கூலிங் பெயிண்ட் அடிச்சவங்க யாராவது இருக்கீங்களா? ராத்திரி நிஜமாவே வித்தியாசம் தெரியுதா, எத்தனை வருஷம் தாங்குது? இல்ல எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டு உள்ள இருக்கற சூட்டை வெளிய தள்ளினாலே போதுமா? வயசானவங்க இருக்கற வீட்ல செஞ்சு பலன் கிடைச்சது எதுவா இருந்தாலும் சொல்லுங்க ப்ளீஸ்.