சிறந்த ஆய்வாளர் விருது: எக்செல் தாளை நம்பலாமா?

தராசுக்காரன்:
எங்கள் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர்களுக்குச் சிறந்த ஆய்வு விருது கொடுக்கும் குழுவில் இந்த முறை என்னையும் போட்டுவிட்டார்கள். விண்ணப்பம் 11. பழைய குழு விட்டுப்போன எக்செல் தாள் ஒன்று இருக்கிறது: பேப்பர் எண்ணிக்கை, இம்பாக்ட் ஃபேக்டர், எச்-இண்டெக்ஸ் எல்லாவற்றையும் கூட்டி, யாருக்கு அதிகமோ அவருக்குக் கொடு, அவ்வளவுதான். போட்டுப் பார்த்தால் உயிரி மருத்துவக்காரர் 40 பேப்பரோடு எங்கேயோ நிற்கிறார், கணிதத் துறை மேடம் மூன்றே பேப்பரோடு கடைசியில். அந்த மூன்றில் ஒன்று பல வருட உழைப்பு என்று அவர் துறையே சொல்கிறது. இரண்டு பேரையும் எப்படி ஒரே தராசில் நிறுப்பது?

பழைய நூலகர்:
நிறுக்கக் கூடாது. இம்பாக்ட் ஃபேக்டர் எந்த ஜர்னலுக்குச் சந்தா கட்டலாம் என்று நூலகங்கள் பார்க்க வந்த கணக்கு. ஜர்னலில் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வந்தவற்றுக்கு இந்த ஆண்டு சராசரியாக எத்தனை மேற்கோள் (மற்ற ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரையில் சுட்டிக்காட்டியது) என்பதுதான் அது, அந்தச் சராசரியையும் பெரும்பாலும் ஒரு சில கட்டுரைகளே தூக்கிப் பிடிக்கின்றன. இதை வைத்து ஆளை எடை போடாதீர்கள் என்று 2012-இல் சான் பிரான்சிஸ்கோவில் உருவான, ஆய்வை எப்படி மதிப்பிடுவது என்பது பற்றிய டோரா பிரகடனமே சொல்கிறது. எச்-இண்டெக்ஸ் 20 என்றால் 20 பேப்பருக்குத் தலா 20 மேற்கோளாவது இருக்கிறது என்று அர்த்தம். 2005-இல் அதை முன்வைத்த இயற்பியலாளர் ஹிர்ஷே துறைக்குத் துறை மாறும் என்று எழுதியிருக்கிறார், அந்த வரியை மட்டும் யாரும் படிப்பதில்லை.

கடுகு:
கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எண்ணைத் தூக்கிப் போட்டால் அந்த இடத்துக்கு என்ன வரும்? "நம்ம ஆள்" வருவார். நான் இளநிலை ஆசிரியராக இருந்தபோது குழு "படித்துப் பார்த்து" முடிவெடுத்தது. மூன்று வருடமும் துறைத் தலைவரின் பழைய மாணவர்களுக்கே விருது. எண் முட்டாள்தனமானதுதான், ஆனால் அதற்கு மாமன் மச்சான் கிடையாது.

தேநீர் இடைவேளை:
கடுகு சொல்வதில் நியாயம் இருக்கிறது, அதனால்தான் படிப்பவர் வெளியாளாக இருக்க வேண்டும். நாங்கள் செய்வது: ஒவ்வொருவரும் தன் மூன்று வேலைகளை மட்டும் கொடுத்து, அதனால் என்ன மாறியது, அதில் தன் கை எது என்று ஒரு பக்கம் எழுத வேண்டும். இந்தக் கடைசிக் கேள்வியில்தான் பலர் திணறுவார்கள், 15 பேர் பெயர் போட்ட பேப்பரில் "கருவி வாங்கித் தந்தேன்" என்று ஒருவர் நேர்மையாகவே எழுதினார், பாவம். அப்புறம் அதே துறையில் இருந்து, இவர்களோடு சேர்ந்து எழுதாத இரண்டு பேருக்கு அனுப்புவோம்.

இன்னொன்று, விண்ணப்பித்தவர்களை மட்டும் பார்க்காதீர்கள். டோனா ஸ்ட்ரிக்லண்ட் 2018-இல் இயற்பியல் நோபல் வாங்கும்போது இணைப் பேராசிரியர்தான், ஏன் என்று கேட்டதற்குப் பதவி உயர்வுக்கு விண்ணப்பிக்கவே இல்லை என்றார். 1995-இல் பல்கலைக்கழகம் பதவி இறக்கிய கத்தலின் கரிகோவுக்கு, எம்.ஆர்.என்.ஏ கோவிட் தடுப்பூசிக்கு வழிவகுத்த ஆய்வுக்காக 2023-இல் நோபல். அவரை அன்றைக்கு உங்கள் எக்செல் தாளில் போட்டிருந்தால் எத்தனையாவது இடம் வந்திருக்கும்?

தராசுக்காரன்:
கரிகோ விஷயம் உறைத்தது. சரி, எக்செலில் இனி முதல்கட்டப் பெயர்ப் பட்டியலை மட்டும் வைத்துக்கொள்கிறேன், கூட்டல் வேண்டாம். மற்ற குழு உறுப்பினர்கள் "வெளியாளுக்கு அனுப்பினால் இரண்டு மாதம் ஆகும்" என்று இழுப்பார்கள், ஆகட்டும். அந்தக் கணித நிரூபணத்தைப் படிக்கக்கூடியவரை எப்படித் தேடுவது என்று யாராவது சொன்னால் புண்ணியமாகப் போகும்.

பழைய நூலகர்:
அந்தப் பேப்பரை மேற்கோள் காட்டியவர்கள் பட்டியலைப் பாருங்கள். எண்ணிக்கையை விடுங்கள், பெயர்களைப் பாருங்கள்.