குடிநீரில் சாக்கடை வாடை: மனுவை யாரிடம் கொடுப்பது?

எங்களுடையது தென்மாவட்டத்தில் ஒரு சிறிய நகராட்சி. பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி மூடியதிலிருந்து, அதாவது நான்கு மாதமாக, எங்கள் தெருவில் குடிநீர் திறந்ததும் முதல் பத்து நிமிடம் கலங்கலாக வருகிறது. சாக்கடை வாடை. குடத்தில் பிடித்து வைத்தால் அடியில் கறுப்பாக வண்டல் படிகிறது. தெருவின் கடைசி ஆறு வீடுகளில்தான் இது மோசம். மேட்டுப்பக்க வீடுகளில் ஒன்றும் இல்லை.

பொறியியல் பிரிவில் மூன்று முறை எழுதிக் கொடுத்தோம். ஃபிட்டர் வந்தார், ஒரு இடத்தில் தோண்டினார், "பழைய இரும்புக் குழாய், முழுசா மாத்தணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். (அந்தப் பள்ளம் இன்னும் மூடவில்லை, அது தனிக்கதை.) முதல்வரின் உதவி எண் 1100-இல் புகார் செய்தோம், 'நடவடிக்கை எடுக்கப்பட்டது' என்று முடித்துவிட்டார்கள். கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமை மனுவும் சுற்றி அதே பொறியாளர் மேசைக்கே வந்தது.

இப்போது பொறியாளர், குழாயை மாற்ற நகர்மன்றத்தில் தீர்மானம் வரவேண்டும் என்கிறார். கவுன்சிலரோ, பொறியாளரிடமிருந்து செலவு மதிப்பீடு வந்தால்தானே அஜெண்டாவில் வைக்க முடியும் என்கிறார்.

உங்கள் ஊரில் இப்படி ஒரு வேலையை நகர்மன்றக் கூட்ட அஜெண்டாவில் ஏற்ற வைத்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்: மனுவை ஆணையருக்குக் கொடுத்தீர்களா, தலைவருக்கா?