கடலில் நின்று தூக்கும் கிரேன்கள்: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

தெற்குவாடிக்காரன்

பாம்பன் புது ரயில் பாலம் கட்டியபோது பார்ஜில், அதாவது தட்டையான மிதவைக் கலத்தில், நின்ற கிரேன்களை நம்மூரில் எல்லோரும் பார்த்திருப்போம். டீக்கடையில் உட்கார்ந்தால் அதுதான் பேச்சு. இன்றைக்கு எத்தனை டன் தூக்கியது, காற்று கூடினால் ஏன் நிறுத்துகிறார்கள் என்று ஆளாளுக்கு ஒரு கணக்கு சொல்வார்கள். 2025 ஏப்ரலில் பாலம் திறந்தாகிவிட்டது. கிரேன்களும் போய்விட்டன.

எனக்குத் தெரிய வேண்டியது வேறு. புயலோ நிலநடுக்கமோ வந்து ஒரு துறைமுகமே படுத்துவிட்டால் கரையில் இருக்கும் கிரேன் எதற்கும் உதவாது. அப்போது கிரேனைச் சுமந்துகொண்டு கப்பலே வரும் என்கிறார்கள். நம் மாவட்டத்தில் கப்பலுக்குப் போனவர்களுக்குக் குறைவில்லை. பார்த்தவர்கள் எழுதுங்கள். நம் கரையில் நடந்ததும் வரட்டும். பெரியவர்கள் சொல்லிக் கேட்டதாக இருந்தால் அப்படியே குறிப்பிட்டுவிடுங்கள்.

கீழக்கரை போசன்

நான் பார்த்தது ஹெய்தியில். 2010 ஜனவரி 12 அன்று அங்கே நிலநடுக்கம், அளவு 7.0. அப்போது நான் கரீபியன் பக்கம் ஓடிய ஒரு சின்ன கண்டெய்னர் கப்பலில் போசன், மேல்தள ஆட்களுக்கு மேஸ்திரி மாதிரி. சில வாரம் கழித்து போர்ட்-ஓ-பிரின்ஸ் வெளிக்கடலில் நங்கூரம் போட்டுக் காத்துக் கிடந்தோம்.

பைனாகுலரில் பார்த்தால் வடக்குத் துறைமேடை இருந்த இடத்தில் தண்ணீர்தான் தெரிந்தது. தண்டவாளத்தில் ஓடுகிற பெரிய கரைக் கிரேன், கேன்ட்ரி என்பார்கள், ஒன்று பாதி உடம்பு கடலுக்குள் சாய்ந்து கிடந்தது. நிலம் குலுங்கியதில் மேடைக்கு அடியில் இருந்த நிரப்பு மண் தண்ணீரோடு கலந்து கூழாகி, மேலே இருந்ததெல்லாம் உட்கார்ந்துவிட்டது. தெற்கு மேடை நிற்கிற மாதிரி தெரிந்தாலும் அதன் தூண்கள் கீழே உடைந்திருந்தன. அதைச் சரிசெய்ய ராணுவ முக்குளிப்பாளர்கள் இறங்கினார்கள்.

கரையில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பெரிய கண்டெய்னர் கப்பல்களில் பெரும்பாலானவற்றுக்குச் சொந்தக் கிரேன் கிடையாது. போகிற துறைமுகத்தில் கிரேன் இருக்கும் என்று நம்பிக் கட்டியவை அவை. கரைக் கிரேன் கீழே விழக்கூட வேண்டாம், அது ஓடுகிற தண்டவாளம் கொஞ்சம் கோணினாலே போதும், வேலை நின்றுவிடும். உள்ளே அரிசி, மருந்து, கூடாரம் எல்லாம் இருந்தும் கப்பல் வெளிக்கடலில் சும்மா நிற்க வேண்டியதுதான். பட்டினி கிடக்கிற ஊரின் கண்ணெதிரே அப்படி நிற்பது எவ்வளவு கொடுமை என்று அன்றைக்குப் புரிந்தது.

இதற்காகவே அமெரிக்கர்கள் 1980களில் தொடங்கி, பழைய சரக்குக் கப்பல்களின் மேல்தளத்தில் இரட்டைக் கிரேன்களை ஏற்றி மாற்றிக் கட்டினார்கள். மொத்தம் 10 கப்பல்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மாநிலத்தின் செல்லப் பெயர். ஹெய்திக்கு வந்தது கார்ன்ஹஸ்கர் ஸ்டேட், அதாவது நெப்ராஸ்கா. பார்த்தால் அழகான கப்பல் என்று சொல்ல மாட்டேன். ஒரு பக்கமாகக் கிரேன் கைகள் வரிசையாய் மடங்கிக் கிடக்கும்.

வேலை முறை இதுதான். கிரேன் கப்பல் ஆழமான இடத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். கிரேன் இல்லாத கண்டெய்னர் கப்பலை அதன் பக்கத்தில் அணைத்துக் கட்டலாம். பெட்டியைத் தூக்கித் தட்டையான லைட்டர் படகில் இறக்குவார்கள். லைட்டர் ஆழமில்லாத இடம்வரை போய் மணலில் மூக்கை வைக்கும். துறைமேடையே இல்லாமல் சரக்கு கரை ஏறிவிடும்.

கேட்க சுலபமாக இருக்கும். கொஞ்சம் அலை எழும்பினால் தெரியும் பாடு. கப்பலும் லைட்டரும் ஒரே தாளத்தில் ஆடாது. ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும், நடுவில் தொங்குகிற பெட்டி தன் இஷ்டத்துக்கு ஊசலாடும். அவசரப்பட்டு இறக்கினால் லைட்டர் தளம் மேலே வந்து பெட்டியை இடிக்கும். நல்ல கிரேன்காரன் அலையைப் பார்த்துக்கொண்டே இருப்பான். தளம் உச்சிக்கு வந்து இறங்கத் தொடங்கும் நொடியில் பெட்டியையும் கூடவே இறக்குவான். கயிறு பிடித்து நிற்கிறவன் கால் எங்கே இருக்கிறது, கை எங்கே இருக்கிறது என்பதை மறக்கவே கூடாது. காற்று கூடிய அன்றைக்கு வேலை கிடையாது. அதற்காக ஆபீசர்களிடம் சண்டை போட்டும் பிரயோஜனம் இல்லை.

பரமக்குடி மெக்கானிக்கல்

போசன் காக்கா (கீழக்கரைப் பக்கம் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம்), ஒரு சந்தேகம். அத்தனை பாரத்தை ஒரு பக்கமாகத் தூக்கினால் கப்பல் அந்தப் பக்கமே கவிழ்ந்துவிடாதா?

கீழக்கரை போசன்

சாயும் தம்பி. அதற்குத்தான் மறுபக்கம் கப்பலுக்குள் இருக்கிற பேலஸ்ட் டேங்கில் (எடைக்கான தண்ணீர்த் தொட்டி) தண்ணீர் ஏற்றி ஈடுகட்டுவது. இன்னொன்றும் இருக்கிறது. கிரேன் கை எவ்வளவு தூரம் வெளியே நீளுகிறதோ அவ்வளவுக்குத் தூக்கும் எடை குறையும். 100 டன் கிரேன் என்று பெயின்ட்டில் எழுதியிருப்பது கை உடம்போடு ஒட்டி நிற்கும்போதுதான். எதிராளி எவ்வளவு டன் என்று பெருமை பேசினால், எத்தனை மீட்டர் தூரத்தில் என்று திருப்பிக் கேள்.

ரயில்வே காலனி

நான் எழுதுவது மாமா சொல்லிக் கேட்டது. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயல் பற்றி இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் ரயில் போனது போனதுதான். பழைய பாம்பன் பாலத்தில் 126 கர்டர்கள் (தண்டவாளத்தைத் தாங்கும் இரும்பு உத்தரங்கள்) கடலுக்குள் போய்விட்டன. நடுவில் இருந்த ஷெர்சர் தூக்குப் பாலம் மட்டும் தப்பியது. கப்பல் வந்தால் திறக்க அது இருக்கிறது, ரயில் போக இரண்டு பக்கமும் பாலம் இல்லை.

சரிசெய்யும் பொறுப்பு ஸ்ரீதரனிடம் வந்தது. பிற்பாடு கொங்கன் ரயில்வே, டெல்லி மெட்ரோ என்று பெயர் எடுத்தவர்தான். அப்போது அவருக்கு வயது 32. ரயில்வே முதலில் ஆறு மாதம் என்றது, அதை மூன்று மாதமாகக் குறைத்தார்கள். 46 நாளில் ரயில் ஓடியது. இது எல்லோருக்கும் தெரிந்த கதை.

மாமா அந்த வேலையில் தினக்கூலி கலாசி, பாரம் தூக்கி இழுக்கிற ஆள். கர்டர் கடலில் எங்கே கிடக்கிறது என்று முதலில் காட்டியது மீன்பிடிக்கிற ஆட்கள்தான் என்பார். புது கர்டர் செய்து, ரயிலில் ஏற்றி, மண்டபம் கொண்டுவந்து சேர்க்கக் காத்திருந்தால் மாதக்கணக்கில் ஆகியிருக்கும். கிடந்ததையே தூக்கினார்கள். அவர் சொன்ன சாமான்கள் எல்லாம் டெரிக் (தூக்கு மரம்), வின்ச் (வடம் சுற்றி இழுக்கும் உருளை), கப்பி, இரும்பு வடம், மரத்தடி, படகு. காக்கா எழுதிய மாதிரிக் கிரேன் கப்பல் அவர் பேச்சில் ஒரு தடவையும் வந்ததில்லை. கடலுக்குள் இருக்கிறவரை கர்டர் கொஞ்சம் லேசாக இருக்குமாம். தண்ணீர் மட்டத்தைத் தாண்டி வெளியே வரும் அந்த நேரத்தில்தான் முழு எடையும் வடத்தில் விழும். வின்ச்சுக்குப் பக்கத்தில் நிற்கிறவன் அப்போது மூச்சுவிட மாட்டான் என்பார். அறுந்த வடம் திருப்பி அடித்தால் ஆள் தேற மாட்டான் என்பதால் யாரும் வடத்துக்கு நேராக நிற்கக் கூடாது என்பது அங்கே சட்டம்.

மாமாவுக்குக் கடைசிவரை அந்த வேலையில்தான் பெருமை. பேரன்கள் சலித்துப்போகும் அளவுக்குச் சொல்வார்.

தெற்குவாடிக்காரன்

எங்கள் கண்ணால் பார்த்தது 2013 ஜனவரியில். ஒரு பார்ஜ் காற்றில் இழுபட்டு வந்து பழைய பாலத்தின் தூணில் மோதியது. ரயில் நின்றது. கரையெல்லாம் கூட்டம். கல்யாண வீட்டுக்கு வந்தவர்கள்கூட அப்படியே பாலத்துக்கு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அதிலிருந்து எனக்குத் தோன்றுவது, தூக்கும் கலங்கள் புயல் முழுதாக ஓய்ந்த பிறகுதான் வர வேண்டும். காற்று இருக்கும்போது கொண்டுவந்து நிறுத்தினால் உடைந்ததோடு உடையாததும் சேர்ந்து போகும்.

வடகடல் சம்மாட்டி

பெரிய கப்பல் கதை எல்லாம் எனக்குத் தெரியாது. மூழ்கிய விசைப்படகைத் தூக்கிய கதை தெரியும். மண்டபம் வடகடலில் (பாக் விரிகுடாப் பக்கம்) ஒரு வாடைக்காலத்தில் நங்கூர வடம் அறுந்து படகுகள் ஒன்றோடொன்று மோதின. எங்கள் படகு பின்பக்கம் பிளந்து கட்டிய இடத்திலேயே அமிழ்ந்தது. மேலே வீல்ஹவுஸ் மட்டும் தெரிந்தது.

டவுனிலிருந்து கிரேன் வண்டி வாடகைக்கு வந்தது. டிரைவர் கரையில் நின்று பார்த்துவிட்டு, இவ்வளவு தூரத்துக்குக் கை நீட்டினால் என் வண்டி உங்கள் படகோடு சேர்ந்துவிடும் என்று கிளம்பிவிட்டான். காக்கா சொன்ன கை நீளக் கணக்கு அன்றைக்கு எங்களுக்குப் புரிந்தது. வந்துபோன வாடகையை மட்டும் விடாமல் வாங்கிக்கொண்டான்.

அப்புறம் பெரியபட்டினத்திலிருந்து சங்கு குளிக்கிற ஆட்களைக் கூட்டி வந்தோம். கலங்கல் தண்ணீரில் கையால் தடவித் தடவித்தான் வேலை. முதலில் வலையும் ஐஸ் பெட்டியும் வெளியே வந்தன. டீசல் டேங்கை அடைத்தார்கள். பிறகு ஏராவுக்கு (படகின் அடிமரம்) அடியில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று வடம் கோத்தார்கள். நடுவில் ஒரே வடம் போட்டுத் தூக்கினால் படகு முதுகு முறியும். மீன் அறைக்குள் மூடி போட்ட காலி பிளாஸ்டிக் டிரம்களை அமுக்கி வைத்துக் கட்டினோம். இரண்டு பக்கமும் இரண்டு விசைப்படகு. நம் பக்கம் ஏற்றவற்றம் பெரிதாக இல்லை, அதனால் தண்ணீர் ஏறினால் தானாகத் தூக்கும் என்கிற வித்தை இங்கே அதிகம் பலிக்காது. இழுத்துத்தான் ஆக வேண்டும். தரையோடு தரையாக இழுத்துக் கரைப்பக்கம் கொண்டுவந்தோம். அதற்கு மேல் ஹிட்டாச்சி வைத்துத் தூக்கி, பம்பு போட்டுத் தண்ணீரை இறைத்தோம்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் வயிற்றெரிச்சல். நிவாரணக் கணக்கெடுக்க வந்தவர்கள் படகு கரையில் இருக்கிறதே, பகுதிச் சேதம் என்று எழுதிவிட்டார்கள். தூக்காமல் கடலிலேயே விட்டவனுக்கு முழுச் சேதம். தூக்கிய செலவு எந்தக் கட்டத்திலும் வரவில்லை. இஞ்சினை மாற்றியது தனிக் கதை, அதை இங்கே எழுதினால் எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறும்.

தொண்டி செகண்ட் இன்ஜினியர்

ஒரு சின்ன சேர்க்கை. 2011 சுனாமிக்குப் பிறகு, அந்த வருஷமே ஜப்பானில் கமாய்ஷி துறைமுகத்துக்குப் போனேன். ஏசியா சிம்பொனி என்ற சரக்குக் கப்பலைச் சுனாமி தூக்கித் துறைமேடையில் உட்கார வைத்திருந்தது. அதன் மூக்கு ரோட்டுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது, ஜனங்கள் அதைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனார்கள். அக்டோபரில் பெரிய கிரேன் கப்பல் வந்து அதைத் தூக்கிக் கடலில் விட்டதாம், அப்போது நான் அங்கே இல்லை. நான் பார்த்தது அதற்கு முந்திய வேலை. கிரேன் பார்ஜ்கள் கடலுக்கு அடியில் தரையில் கிடந்த காரையும் கண்டெய்னரையும் மரத்தையும் வாரி எடுத்துக்கொண்டிருந்தன. தண்ணீருக்கு அடியில் என்ன கிடக்கிறது என்று தெரியாமல் எந்த கேப்டனும் உள்ளே வர மாட்டான். முதலில் வழி, அதற்கப்புறம்தான் மேடை.

பரமக்குடி மெக்கானிக்கல்

அப்படியென்றால் தனுஷ்கோடித் துறைமுகத்தை ஏன் யாரும் தூக்கி நிறுத்தவில்லை? பாலத்தை 46 நாளில் முடித்தவர்களால் அது முடியாதா?

ரயில்வே காலனி

பாலத்துக்கு அந்தப் பக்கம் ராமேஸ்வரம் இருந்தது தம்பி. கோயில், ஊர், ஜனம். ரயில் கட்டாயம் வேண்டும். தனுஷ்கோடியில் தண்டவாளம் போட்ட மண்ணே போய்விட்டது. அரசாங்கம் வாழத் தகுதியற்ற இடம் என்று அறிவித்தது. இலங்கையின் தலைமன்னாருக்குப் போகிற கப்பலை ராமேஸ்வரத்திலிருந்து விட்டார்கள், 80களில் அதுவும் நின்றது. எனக்கு அந்த முடிவில் குறை தெரியவில்லை. எத்தனை டன் கிரேன் வந்தாலும் மணல் திட்டை எதில் கட்டித் தூக்குவது?

வடகடல் சம்மாட்டி

நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் அண்ணே. 1914இலிருந்து 50 வருஷம் கப்பல் வந்து கட்டிய இடம் அது. அங்கே பிழைத்தவர்களை யாரும் கேட்டு முடிவெடுக்கவில்லை. இன்றைக்கும் அங்கே குடிசை போட்டு மீன் பிடிக்கிற சனம் இருக்கிறது. துறைமுகம் வேண்டாம், சரி. படகு கட்ட ஒரு சின்ன மேடையாவது அப்போதே போட்டிருக்கலாம்.

ரயில்வே காலனி

மேடை விஷயத்தில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை.

கீழக்கரை போசன்

இனி ஒன்று அப்படி வந்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன். பாம்பன் கால்வாயில் பெரிய கிரேன் கப்பலுக்கு ஆழம் போதாது. வடகடலும் ஆழம் குறைந்ததுதான். ஆழமான பெரிய துறைமுகம் பக்கத்தில் தூத்துக்குடி. அங்கிருந்து தென்கடல் (மன்னார் வளைகுடா) வழியாகத் தட்டையான பார்ஜில்தான் கிரேன் வர முடியும். தென்கடலில் தூத்துக்குடி முதல் பாம்பன்வரை 21 தீவுகள், சுற்றிலும் பவளப்பார். கிரேன் பார்ஜ் அசையாமல் நிற்க நான்கு மூலைக்கும் நங்கூரம் போட வேண்டும். பாரில் போட்டால் பவளம் நொறுங்கும், நங்கூரமும் சரியாகப் பிடிக்காது. மணல் எங்கே, பார் எங்கே என்று இப்போதே குறித்து வைத்தால்தான் அன்றைக்கு உதவும். சார்ட்டில் (கடல் வரைபடம்) இருப்பது போதாது, கீழே இறங்கிப் பார்த்தவன் சொல்ல வேண்டும்.

வடகடல் சம்மாட்டி

அதற்கு எங்கள் படகைத் தூக்கிய ஆட்களே போதும் காக்கா. குருசடைத் தீவிலிருந்து அப்பாத் தீவுவரை அடித்தளம் அவர்களுக்கு அத்துப்படி. நீங்கள் ஊருக்கு வரும்போது சொல்லுங்கள், பெரியபட்டினத்துக்கு நானே கூட்டிப் போகிறேன். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், அன்றைக்கு அவர்கள் கடலுக்குப் போக மாட்டார்கள், ஆனால் வீட்டிலும் பிடிக்க முடியாது.