கமாண்டோ குறுவாள் (ஃபேர்பேர்ன்-சைக்ஸ்): அசலா, போலியா? கையில் எடுத்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கமாண்டோக்கள் வைத்திருந்த இந்தக் குறுவாளில் ஆளை ஏமாற்றுவது பெரும்பாலும் முத்திரைதான். தயாரிப்பாளர் பெயரையும் அம்புக்குறியையும் (பிரிட்டிஷ் அரசுச் சொத்து என்ற குறி) யார் வேண்டுமானாலும் அடித்துவிடலாம், அலகைச் சாணை பிடித்த விதத்தைப் போலி செய்வதுதான் கடினம். அதனால் முதலில் அமைப்பைப் பாருங்கள்.

1941 ஜனவரியில் வில்கின்சன் சோர்டு என்ற பிரிட்டிஷ் வாள் நிறுவனம் செய்த முதல் வகையில் குறுக்குக் காப்பு (பிடிக்கும் அலகுக்கும் நடுவில் கையைக் காக்கும் தகடு) எஸ் வடிவில் வளைந்திருக்கும். அலகின் அடியில் சின்னத் தட்டைப் பகுதி, அதில் அமிலத்தால் அரித்த எழுத்து. 1942இல் வந்த இரண்டாம் வகையில் காப்பு நேரான நீள்வட்டம், பெரும்பாலும் அந்தத் தட்டைப் பகுதி இருக்காது. இரண்டுக்கும் சொரசொரப்பு வெட்டிய பித்தளைக் கைப்பிடி. 1943 முதல் வந்த மூன்றாம் வகைக்கு வளையம் வளையமாக வார்த்த உலோகக் கலவைப் பிடி. எஸ் காப்பும் வளையப் பிடியும் ஒரே கத்தியில் வந்தால் அது ஒட்டுவேலை, அசல் விலை கொடுக்காதீர்கள்.

— — —

அரித்த எழுத்தைப் பற்றிச் சேர்க்கிறேன். பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். அமிலம் அரித்த எழுத்தின் ஓரம் மென்மையாக இருக்கும், ஆழமும் கொஞ்சம்தான். லேசரில் செய்ததில் அடிப்பகுதியில் இணைகோடுகள் ஓடும், ஓரத்தில் கருகல் தெரியும். எழுத்து மட்டும் பளிச்சென்று இருந்து, அதன் மேல் ஓட வேண்டிய பழைய கீறல்கள் எழுத்து ஓரத்திலேயே நின்றுவிட்டால் எழுத்து பின்னால் வந்தது.

காப்பில் அடித்த அம்புக்குறிக்கு வேறு சோதனை. போர்க்காலத்தில் அடித்துவிட்டுத்தான் கருமை ஏற்றினார்கள். ஆகவே பள்ளத்துக்குள்ளும் அதே கருமை இருக்க வேண்டும். உள்ளே வெறும் இரும்பு மின்னினாலோ, குறியைச் சுற்றி உலோகம் பிதுங்கி நின்றாலோ பிற்பாடு அடித்தது. (பின்னால் மறுபடி கருமை பூசியவையும் உண்டு, அதனால் இந்த ஒன்றை மட்டும் நம்ப வேண்டாம்.)

— — —

தேய்மானம் இடத்துக்கு இடம் மாற வேண்டும். பிடியில் கை படும் புடைப்பில் நிக்கல் முலாம் போயிருக்கும், சொரசொரப்பு வெட்டுகளின் பள்ளத்தில் மிச்சம் இருக்கும். பள்ளமும் மேடும் ஒரே அளவில் தேய்ந்திருந்தால் பாலீஷ் சக்கரத்தின் வேலை. அலகு முழுக்க ஒரே மாதிரி புள்ளித் துரு இருந்தால் வினிகரிலோ அமிலத்திலோ ஊறவைத்திருப்பார்கள்.

அலகின் நான்கு முகங்களும் கையால் சாணை பிடித்தவை. நடு முகடு கொஞ்சம் அலைந்தால் கவலை வேண்டாம், ஸ்கேல் வைத்தது போல நேராக இருந்தால்தான் சந்தேகம். நீளம் பொதுவாக ஏழு அங்குலத்தை ஒட்டி வரும். முனை மெல்லியது, எளிதில் உடையும். உடைந்ததைத் தேய்த்து மறுமுனை எடுத்திருந்தால் நீளம் குறையும். அது போலி இல்லை, விலைதான் குறையும்.

— — —

உறையை யாருமே சொல்லவில்லை! பழுப்புத் தோல், கால்சட்டையில் தைக்கப் பக்கவாட்டில் தோல் நாக்குகள், பிடியைப் பிடிக்க எலாஸ்டிக் வளையம், அடியில் பித்தளை மூடி. புற ஊதா விளக்கில் தையல் நூல் நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் நவீன நூலாக இருக்கலாம். ஆனால் இன்றைய சோப்பால் துடைத்த பழைய நூலும் ஒளிரும், ஒரே இடத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். எலாஸ்டிக் புதிதாக இருந்தால் அதற்காக ஒதுக்க வேண்டாம், பழையது இற்றுப்போவது வழக்கம்.

வாங்கிய பிறகு பித்தளை பாலீஷ் பக்கமே போகாதீர்கள். மிஞ்சியிருக்கும் முலாமும் போய்விடும். மெல்லிய எண்ணெய் தடவி உறைக்கு வெளியே வையுங்கள், தோலில் இருக்கும் ஈரமும் உப்பும் அலகை அரிக்கும்.