மலைப்பனி அச்சில் அழுக்காக வருகிறது: இசைத்தொகுப்பு உறைக்கு உதவி தேவை

கேள்வி: கோத்தகிரி கிட்டார்

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து கோத்தகிரியில் ஓர் இசைக்குழு நடத்தி வருகிறோம். ஏழு பாடல்கள் அடங்கிய எங்கள் முதல் தொகுப்பைக் குறுந்தகடாக 500 படிகள் வெளியிட முடிவு செய்து, அட்டை உறை, சுவரொட்டி, உள்ளூர்ச் செய்தித்தாளுக்கான சிறு விளம்பரம் ஆகிய மூன்றையும் செலவைக் குறைக்க எண்ணி நானே வடிவமைத்தேன். உறையும் விளம்பரமும் ஆளுக்கொரு விதமாகக் கெட்டுவிட்டன. சுவரொட்டியை அச்சுக்குக் கொடுக்கவே இப்போது அச்சமாக இருக்கிறது.

உறையின் முகப்பில் இருப்பது கோடநாடு காட்சிமுனையில் விடியற்காலையில் எடுத்த படம். மோயாற்றுப் பள்ளத்தாக்கு முழுவதும் பனி நிரம்பியிருக்க, ரங்கசாமி மலையின் முனை மட்டும் அதற்கு மேலே தெரியும். என் மடிக்கணினியில் அந்தப் பனி நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் இருக்கிறது. சமவெளியில் உள்ள அச்சகத்திலிருந்து மாதிரிக்காக வந்த அச்சுப்படியான புரூஃபிலோ, டிகாஷன் கொட்டிய வேட்டியைத் துவைத்துக் காயப்போட்டது போல, இளஞ்சிவப்பு கலந்த பழுப்பாக இருக்கிறது. பனி வானத்தில் கரையும் இடத்தில் கத்தியால் வெட்டியது போல ஒரு விளிம்பும் விழுந்திருக்கிறது. முதுகுப் பகுதியை மடித்த இடத்தில் கரும்பச்சை மை வெடித்து அட்டையின் வெள்ளை தெரிகிறது. தலைப்பில் ‘தொ’ வரும் இடத்தில் கொம்பு முன்னால் நிற்காமல், ‘த’வுக்குப் பின்னால் போய் ஒரு புள்ளி வட்டத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

செய்தித்தாள் விளம்பரத்தில் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் நிகழ்ச்சி நேரத்தைப் போட்டிருந்தேன். எழுத்துகள் அடைபட்டுப்போய், 6 மணியா 8 மணியா என்று இருவர் தொலைபேசியில் கேட்டுவிட்டார்கள். அச்சகத்தில் விசாரித்தால் ‘ஃபைல் அப்படித்தான் வந்தது’ என்கிறார்கள். எதை எங்கே திருத்த வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: குன்னூர் மெஷின்மேன்

தம்பி, 26 ஆண்டுகள் ஆஃப்செட் எந்திரத்தின் பக்கத்தில் நின்றவன் என்ற முறையில் முதலில் மூன்று கேள்விகள். எந்த அட்டையில் புரூஃப் எடுத்தார்கள்? படத்தை அவர்களுக்கு எப்படி அனுப்பினீர்கள்? புரூஃபை எந்த வெளிச்சத்தில் பார்த்தீர்கள்?

நீங்கள் பதில் எழுதுவதற்குள் சாம்பல் நிறத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். நான்கு வண்ண அச்சில் சாம்பல் என்று தனியாக ஒரு மை கிடையாது. சயான் என்னும் பச்சைநீலம், மஜந்தா என்னும் ஊதாச்சிவப்பு, மஞ்சள் மூன்றும் சேர்ந்து கண்ணுக்குச் சாம்பலாகத் தோன்ற வேண்டும். மூன்றையும் ஒரே அளவில் வைத்தால் சாம்பல் வராது, பழுப்புதான் வரும். சயான் 50 விழுக்காடு என்றால் மற்ற இரண்டும் 40 விழுக்காடு அளவில் இருந்தால்தான் நடுநிலைச் சாம்பல் நிற்கும். எந்திரம் ஓடும்போது மஜந்தா ஒரு பிடி கூடினாலும் போதும், பனி இளஞ்சிவப்பாகிவிடும். பச்சைத் தேயிலைத் தோட்டத்திலோ சிவப்பு ஓட்டுக் கூரையிலோ அந்த வித்தியாசத்தை யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். பனியிலும் மனித முகத்திலும் உடனே தெரிந்துவிடும். அச்சகத்துக்காரருக்குப் பனியைவிடக் கடினமான படம் ஒன்றைக் கொடுப்பது எளிதல்ல.

கோத்தகிரி கிட்டார்

நன்றி ஐயா. கைக்குச் சற்றுச் சொரசொரப்பாக இருக்க வேண்டும் என்று நானே கேட்டு வாங்கியது, 300 ஜிஎஸ்எம் கனமுள்ள பூச்சில்லாத அட்டை. படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அச்சு மைகளுக்கு மாற்றாமல், திரைக்குரிய சிவப்பு-பச்சை-நீல (ஆர்ஜிபி) முறையிலேயே இருந்தது. புரூஃபை மாலையில் தேநீர்க் கடையின் மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்தோம். மறுநாள் காலை வாசல் நிழலில் பார்த்தபோது சிவப்பு கொஞ்சம் குறைந்தது போல இருந்தது, பழுப்பு அப்படியேதான் இருந்தது.

பதில்: கோவை வடிவமைப்பாளர்

கோப்பைப் பற்றி நான் சொல்கிறேன். குறுந்தகட்டின் அட்டை உறை ஏறத்தாழ 125 மில்லிமீட்டர் சதுரம். வெட்டும்போது வெள்ளை விளிம்பு தெரியாமலிருக்கச் சுற்றிலும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக விட்டால் 131 மில்லிமீட்டர் ஆகும். அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் அதற்கு ஏறத்தாழ 1547 பிக்சல் தேவை. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும். நீளப் பக்கம் 1600 பிக்சல் என்று வைத்துக்கொண்டாலும், குறுகிய பக்கமான 1200 பிக்சலுக்குச் சதுரமாக வெட்டும்போது அங்குலத்துக்கு 233 புள்ளிதான் மிஞ்சுகிறது. அதே படத்தை 20 அங்குல அகலச் சுவரொட்டிக்கு விரித்தால் வெறும் 60. பனியின் விளிம்பு வெட்டுப்பட்டதில் இந்தச் சுருக்கத்துக்கும் பங்கு உண்டு. மெல்ல மாற வேண்டிய நிறம் சுருக்கத்தால் படிக்கட்டு போல ஆகிவிடுகிறது. கேமராவிலிருந்து வந்த மூலக் கோப்பை டாக்குமெண்டாகவோ பென் டிரைவிலோ கொடுங்கள். இணைய இசைத்தளங்களுக்கு வேண்டிய 3000க்கு 3000 பிக்சல் ஆர்ஜிபி சதுரத்தையும் அந்த மூலத்திலிருந்தே தனியாக எடுத்து வையுங்கள்.

விளிம்புக்கு இன்னொரு காரணம், பனியின் மிக வெளிர்ந்த பகுதியில், நிறத்தை உண்டாக்கும் மைப்புள்ளியின் அளவு 2 விழுக்காட்டுக்கும் கீழே போயிருக்கலாம். பூச்சில்லாத அட்டையில் அவ்வளவு சிறிய புள்ளி நிற்பதில்லை. நின்ற புள்ளிக்கும் நிற்காத புள்ளிக்கும் இடையில் ஒரு கோடு தெரியும். எனவே பனியின் எந்த இடமும் 4 விழுக்காட்டுக்குக் கீழே போகாமல் மென்பொருளின் வளைகோட்டை (கர்வ்ஸ்) திருத்தி, மிக மெல்லிய மணல் தூவியது போன்ற புள்ளிகளை (நாய்ஸ்) படத்தின் மேல் சேருங்கள். நடுநிறங்களுக்கு எதிர்த் தொல்லை உண்டு: அந்த அட்டை மையை உறிஞ்சுவதால் புள்ளி ஊதிப் படம் கறுத்துவிடும். ஆகவே திரையில் உங்களுக்குச் சற்று வெளிறித் தோன்றும் படம்தான் அட்டையில் சரியாக வரும். இதை நம்புவதற்கு எனக்கே இரண்டு வேலைகள் கெட வேண்டியிருந்தது.

‘தொ’ உடைந்தது அச்சகத்தின் தவறல்ல. யூனிகோடில் ‘ஒ’கரக் குறி மெய்யெழுத்துக்குப் பின்னால்தான் சேமிக்கப்படுகிறது, கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் பிரித்து வைப்பது மென்பொருளின் வேலை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே தட்டச்சு செய்ததால் இந்தத் தொல்லை இல்லாமல் இருந்தது. ஃபோட்டோஷாப்பின் எழுத்து அமைப்புகளில் வேர்ல்ட்-ரெடி லேஅவுட் என்பதைத் தேர்ந்தெடுத்து, நிரலை மூடித் திறந்து, தலைப்பை மறுபடி தட்டச்சு செய்யுங்கள். சரியாக வந்ததும் எழுத்தை வடிவமாக மாற்றிவிட்டால் வேறு எந்தக் கணினியில் திறந்தாலும் உடையாது. ஆனால் மாற்றிய பின் பிழை திருத்த முடியாது என்பதால் திருத்தக்கூடிய படி ஒன்றும் உங்களிடம் இருக்கட்டும்.

நிறத்துக்கு என் யோசனை, நான்கு வண்ணத்தையே கைவிட்டுப் பனியைக் கறுப்பு மையில் மட்டும் அடிப்பது. கறுப்பு எவ்வளவு கூடினாலும் குறைந்தாலும் சிவப்பாகாது.

பதில்: உதகை ரசிகர்

கோவைச் சகோதரி சொல்வது தொழில் முறையில் சரியாக இருக்கலாம். ஆனால் வெள்ளைத் தாளில் கறுப்பு மை மட்டும் இருந்தால் நம் ஊரில் அது கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியாகத்தான் தெரியும். உதகைப் பேருந்து நிலையத்தில் ஒட்டினால், இறந்தவர் யார் என்று நின்று படிப்பார்களே தவிர, பாட்டுக் கேட்க வர மாட்டார்கள். நான்கு வண்ணத்தை வைத்துக்கொண்டு அச்சகத்தை ஒழுங்காக ஓட்டச் சொல்வதே மேல் என்பது என் கருத்து.

இன்னொன்று. உறையின் பின்பக்கத்துக்குத் தோடர் எம்பிராய்டரி வடிவத்தில் கரை வைப்பது இப்போது வழக்கமாகியிருப்பதால், நீங்களும் வைத்திருக்கிறீர்களா என்று கேட்கிறேன். அந்தக் கைவேலைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமாக இழை எண்ணித் தைக்கும் வேலை அது. வைப்பதாக இருந்தால் அருகிலுள்ள மந்துக்கு, அதாவது தோடர் குடியிருப்புக்குப் போய், செய்பவர்களிடம் கேட்டுவிட்டு வையுங்கள்.

பதில்: குன்னூர் மெஷின்மேன்

உதகை நண்பர் சொன்ன கண்ணீர் அஞ்சலி ஆட்சேபம் நியாயமானது. எனக்கு அது தோன்றவே இல்லை. அதற்காக நான்கு வண்ணத்துக்குத் திரும்ப வேண்டியதில்லை. இரண்டு மையில் அடியுங்கள்: ஒன்று கறுப்பு, மற்றது அச்சகத்தில் தனியாகக் கலந்து தரும் நீலச்சாம்பல் பான்டோன் மை. ஒரே படத்தை மைக்கு ஒன்றாக இரண்டு அச்சுத் தகடாக (பிளேட்) பிரித்து, நிழலையும் மலைமுனையையும் கறுப்பு தாங்கும்படியும், பனி முழுவதையும் நீலச்சாம்பல் தாங்கும்படியும் வைத்தால், நீங்கள் கோடநாட்டில் பார்த்த நிறம் கலவையாக அல்லாமல் மையாகவே தாளில் இறங்கும். இப்போது மஜந்தாவே இல்லை, அது எங்கே போய்க் கூடும்? நான்கு பிளேட்டுக்குப் பதில் இரண்டு என்பதால் செலவும் குறையும். கறுப்பின் திரைக்கோணம், அதாவது மைப்புள்ளி வரிசை சாய்ந்திருக்கும் கோணம், 45 பாகை என்றால் மற்ற மைக்கு 75 வைக்கச் சொல்லுங்கள். இரண்டும் நெருங்கிய கோணத்தில் இருந்தால் பனியில் பட்டுச் சேலை மடிப்பு போல அலை விழும்.

முதுகு வெடித்ததற்கு அட்டையின் இழை ஓட்டம் காரணம். தாளிலும் மரத்தைப் போல நார் ஒரு திசையில் ஓடும். மடிப்பு அந்தத் திசைக்கு இணையாக இருக்க வேண்டும். குறுக்கே மடித்தால் 300 ஜிஎஸ்எம் அட்டை நிச்சயம் உடையும். மடிப்பதற்கு முன் மடிப்புக் கோட்டை அழுத்திப் பதிக்கும் கிரீசிங் போடவும் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, மடிப்பின் மேல் அடர்ந்த நிறமே வராதபடி முதுகை வெற்று அட்டையாக விட்டு, தலைப்பை மட்டும் அடியுங்கள். வெடித்தாலும் வெள்ளையில் வெள்ளை தெரியாது.

கோத்தகிரி கிட்டார்

ஐயா, வெடிப்பு தெரியாமலிருக்க வெளிப்பக்கம் மட்டும் மேட் லேமினேஷன் போடலாம் என்று அச்சகத்தில் சொல்கிறார்களே? தோடர் கரையைப் பற்றி: ஆம், வைத்திருந்தேன், யாரையும் கேட்கவில்லை. சிவப்பு மையே இல்லாத அச்சில் அதை நீலச்சாம்பலாக்குவது எங்களுக்கே ஒப்பவில்லை என்பதால் எடுத்துவிட்டோம்.

பதில்: குன்னூர் மெஷின்மேன்

லேமினேஷன் வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் பிளாஸ்டிக் படலம் ஒட்டிய அட்டை, மேட்டுப்பாளையத்தில் தட்டையாக இருக்கும். மலைக்கு வந்ததும் ஒட்டாத பக்கம் ஈரத்தை இழுத்து விரியும், படலம் ஒட்டிய பக்கம் விரியாது, உறை படலத்தின் பக்கமாக வளைந்துவிடும். ஆடி மாதத்தில் அப்பளம் போலாகிவிட்ட அழைப்பிதழ்களை எத்தனையோ பார்த்திருக்கிறேன். தவிர, ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கை மாவட்டத்துக்குள் தடுத்துக்கொண்டிருக்கும்போது, ஒவ்வொரு படிக்கும் மெல்லிய பிளாஸ்டிக் உறை சுற்றி விற்பதும் பார்க்க நன்றாக இராது. நீர் கலந்த வார்னிஷ் பூச்சு ஒன்று போதும்.

பதில்: கூடலூர் விளம்பர எழுத்தர்

விளம்பரத்தைப் பற்றி யாரும் சொல்லாததால் எழுதுகிறேன். செய்தித்தாள் தாளில் அங்குலத்துக்கு 85 முதல் 100 மைப்புள்ளி வரிகள் கொண்ட அச்சுத் திரையில்தான் படம் அடிக்கிறார்கள். மை பரவுவதால் கறுப்புக்குள் வைத்த வெள்ளை எழுத்து உள்ளே நிரம்பிக்கொள்கிறது. உங்கள் 6 எட்டானது அதனால்தான். அந்த விளம்பரத்துக்குப் பனிப்படமே வேண்டாம். ரங்கசாமி மலையின் வெளிக்கோட்டை மட்டும் ஒரு கோட்டோவியமாக வைத்து, கறுப்பு எழுத்தை வெள்ளையில் தடிமனாகப் போட்டு, நேரத்தை ‘மாலை ஆறு மணி’ என்று எழுத்தாலேயே எழுதிவிடுங்கள்.

சுவரொட்டியை 20க்கு 30 அங்குலத்தில் அதே இரண்டு மையில் மேப்லித்தோ என்னும் பூச்சில்லாத தாளில் அடிக்கலாம். சாலையின் எதிர்ப்பக்கத்திலிருந்து குழுவின் பெயர், நாள், இடம் மூன்றும் தெரிந்தால் போதும். ஏழு பாடல்களின் பட்டியலைச் சுவரொட்டியில் யாரும் நின்று படிப்பதில்லை. மலையில் மைதா பசை காய்வதற்குள் பனி இறங்கித் தாள் நழுவிவிடும் என்பதாலும், பொது இடங்களை உருக்குலைப்பதற்கு எதிரான 1959ஆம் ஆண்டுச் சட்டம் இருப்பதாலும், சுவரை விட்டுவிட்டுக் கடைக்காரர்களிடம் கேட்டு உட்பக்கக் கண்ணாடியில் மாட்டுங்கள்.

உறையின் பின்பக்கத்தில் ஒன்று விடுபட்டிருக்கக்கூடும். பதிப்புரிமைச் சட்டம், 1957இன் 52ஏ பிரிவின்படி ஒலிப்பதிவைத் தயாரித்தவரின் பெயரும் முகவரியும், உரிமையாளரின் பெயரும் முகவரியும், முதன்முதலில் வெளியான ஆண்டும் ஒலிப்பதிவிலும் அதன் உறையிலும் இருக்க வேண்டும். எனவே தகட்டின் மேல் அடிக்கும் அச்சிலும் அவற்றைச் சேருங்கள். தகட்டின் நடுவில் 15 மில்லிமீட்டர் துளை இருப்பதை மறந்து பெயரை அங்கே வைத்துவிடாதீர்கள்.

கோத்தகிரி கிட்டார்

அனைவருக்கும் நன்றி. 52ஏ விவரங்கள் உறையில் இருந்தன, தகட்டில் இல்லை, சேர்த்துவிட்டேன். இரண்டு மை புரூஃப் நேற்று வந்தது. காலை பத்து மணிக்கு வாசல் நிழலில் வைத்துப் பார்த்தோம். பனி பனியாக இருக்கிறது, வெட்டு விளிம்பு இல்லை, ‘தொ’வும் நேராக நிற்கிறது. ஒரே ஒரு குறை: மலைமுனை கறுப்பில் சற்று அழுந்திப்போய், பாறையில் இருக்கும் வெடிப்புகள் தெரியவில்லை. இதைக் கோப்பில் திருத்துவதா, எந்திரத்தில் கறுப்பைக் குறைக்கச் சொல்வதா?

பதில்: குன்னூர் மெஷின்மேன்

கோப்பில் திருத்துங்கள். கறுப்புப் பிளேட்டில் மலைமுனை இருக்கும் இடத்தை மட்டும் 90லிருந்து 80 விழுக்காட்டுக்கு இறக்கினால் வெடிப்புகள் திறந்துகொள்ளும். எந்திரத்தில் கறுப்பைக் குறைத்தால் தலைப்பும் சேர்ந்து வெளிறும். அச்சு ஓடும் நாளில் நேரில் போய் நில்லுங்கள். முதல் 100 தாள் வரை நிறம் நிலைக்காது, அதைப் பார்த்துப் பதறாமல் மெஷின்மேன் கூப்பிடும்வரை பொறுத்து, அவர் நீட்டும் தாளை வெளியே வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்த பிறகு கையெழுத்திடுங்கள்.

கோத்தகிரி கிட்டார்

போய் வந்தேன் ஐயா. மூன்றாவது முறை நீட்டிய தாளில் கையெழுத்திட்டேன். கழித்த தாள்களைக் கேட்டு வாங்கி வந்திருக்கிறேன். அவற்றின் வெற்றுப் பின்பக்கத்தில்தான் இப்போது ஒத்திகைக்குப் பாடல் வரிசை எழுதிக்கொண்டிருக்கிறோம்.