ஜேர்மனில இருந்து நோர்வேக்கு வானில போறம், அம்மாவுக்குக் கடல் எண்டாப் பயம். கப்பலா பாலமா?

பரந்தன் பெடியன்:
எல்லாருக்கும் வணக்கம். நான் கிளிநொச்சி, அண்ணா டோட்முண்டில. வாற யூனில நானும் அம்மாவும் அங்க போக விசா போடப்போறம், அண்ணா லீவு எடுத்து தன்ர வானிலயே டென்மார்க், சுவீடன், நோர்வே எல்லாம் கூட்டிக்கொண்டு போறன் எண்டுறார். ஒஸ்லோவில மாமி, பேர்கனில பெரியப்பான்ர மகள். மூண்டு கிழமை. அவர் மேப்பில கீறி அனுப்பினதைப் பார்த்தா நாலைஞ்சு இடத்தில வானோட கப்பல்ல ஏறவேணும். பிரச்சினை என்னெண்டா அம்மாவுக்கு 67 வயசு, 93ல சண்டைக்குள்ள கிளாலிக் கடலால இரவு வள்ளத்தில வந்தவா, நான் மடியில. லைட் போடேலாது, தண்ணி உள்ள வர வர சட்டியால இறைச்சுக்கொண்டே வந்ததாம். அதுக்குப் பிறகு நயினாதீவுக்குக்கூடப் போகேல்லை, சங்குப்பிட்டிப் பாலத்தால பஸ் போகேக்கையே கண்ணை மூடிக்கொண்டு முறிகண்டிப் பிள்ளையாரைக் கூப்பிடுவா. கப்பலே இல்லாமப் போக வழி இருக்கோ? மற்றது நானும் இடையில ஓடலாமோ, 12 வருசமா ஏ9ல ஹயேஸ் ஓடுறன்.

ஹம்பேர்க் அண்ணை:
வழி இருக்கு தம்பி. பிளென்ஸ்பேர்க்கால டென்மார்க்குக்குள்ள போய் கோல்டிங்கில கிழக்க திரும்பினா ஸ்டோர்பெல்ட் பாலம், 18 கிலோமீற்றர், பேந்து கோப்பன்ஹேகன் தாண்டினா சுவீடனுக்கு ஓரசுண்ட் பாலம், 2000ல திறந்தது, அதில பாதிவழியில ஒரு செயற்கைத் தீவு, அதுக்கு முதல் 4 கிலோமீற்றர் கடலுக்கடியில சுரங்கம். ஒஸ்லோ வரைக்கும் ஒரு கப்பலும் தேவையில்லை. ஆனா சுத்து, பாலத்துக்கும் காசு கட்டவேணும், அதோட சங்குப்பிட்டிக்கே கண்ணை மூடுற ஆள் 18 கிலோமீற்றருக்கு என்ன செய்வா எண்டு யோசியுங்கோ. அண்ணா கீறினது ஜேர்மனில இருந்து டென்மார்க்குக்குப் போற புட்கார்டன் – ரோட்பி கப்பல் எண்டு நினைக்கிறன், அது 45 நிமிசம்தான், இரவு பகலா ஓடும்.

ஓடுற விசயம்: கொழும்பில ஓட்டோமொபைல் அசோசியேசனில இன்டர்நேஷனல் பெர்மிட் எடுங்கோ, எங்கட லைசன்ஸும் கையில இருக்கவேணும். அதைவிட முக்கியம் அண்ணான்ர இன்சூரன்ஸ். இங்க கன பேர் மலிவா வரும் எண்டு, இன்னார்தான் ஓடுவினம் எண்டு போட்டு எடுத்திருப்பினம், உங்கட பேரைச் சேர்க்காம ஓடி எங்கயும் முட்டினா பெரிய செலவு. வெறியில ஓடுற கதையே வேண்டாம், நோர்வேயிலயும் சுவீடனிலயும் இரத்தத்தில அற்ககோல் அளவு ஆயிரத்துக்கு 0.2 தான், ஒரு பியரே கூடத்தான். இங்க ஓடுறது வலப்பக்கம், நேர் ரோட்டில பிரச்சினையில்லை, பெற்றோல் செட்டால வெளிக்கிடேக்கதான் கை பழக்கத்தில இடப்பக்கம் இழுக்கும், எனக்கு இழுத்தது. சுவீடன் காட்டு ரோட்டில பொழுதுபட மூஸ் எண்ட பெரிய மான் வரும், கனகராயன்குளத்தில மாடு நிக்கிற மாதிரி, ஆனா குதிரையைவிட உயரம்.

விசா ஷெங்கன் (ஐரோப்பாவில கன நாட்டுக்குச் சேர்த்துக் குடுக்கிற விசா) ஒண்டு போதும், நோர்வே ஐரோப்பிய யூனியனில இல்லாட்டியும் ஷெங்கனுக்குள்ளதான். எந்த நாட்டில கூட நாள் நிக்கிறியளோ அந்த நாட்டுக்குத்தான் போடவேணும், நோர்வேயில கூட நாள் வந்தா ஜேர்மனிக்குப் போட்டுச் சுத்தாதேங்கோ. 30,000 யூரோவுக்குக் குறையாத மெடிக்கல் இன்சூரன்ஸ் கேப்பினம். வந்த இடத்தில லண்டனையும் பாப்பம் எண்டு ஆராவது ஆசைகாட்டினா, பிரிட்டனுக்கு வேற விசா, திரும்பி உள்ள வர மல்டிபிள் என்ட்ரியும் வேணும்.

பேசாலை கடற்கரை:
எங்கட தலைமன்னாரில இருந்து 30 கிலோமீற்றரில தனுஷ்கோடி, 1914ல ரயிலும் கப்பலுமா ஒரே டிக்கட்டில போன வழி, இண்டைக்கு காங்கேசன்துறை – நாகபட்டினம் கப்பல்ல ஆள் மட்டும்தான், சைக்கிள்கூட யோசிக்கவேணும். அங்க வானோட ஏறுறாங்களாம். வயித்தெரிச்சல்.

சரி, பிரயோசனமா ஒண்டு. வானுக்கு மேல பெட்டி பூட்டுறதெண்டா பெட்டியோட சேர்த்து உயரத்தை அளந்துபோட்டு டிக்கட் போடுங்கோ. போன வருசம் மச்சானோட பிரான்சில இருந்து போகேக்க வானின்ர உயரத்தை மட்டும் குடுத்திட்டார், கேற்றில கம்பால அளந்து மற்ற விலைக்கு மாத்தி, பின்னால வரிசை முழுக்க ஹோர்ன் அடிக்குது. மற்றது கப்பல் வெளிக்கிட்டா கீழ வாகனத்துக்குப் போகவிடாங்கள், அம்மான்ர குளிசை, சுவெற்றர், சாப்பாடு எல்லாம் ஒரு பையில மேல கொண்டு போங்கோ. அலாம் நிப்பாட்டிப்போட்டு ஏறுங்கோ, ஆட்டத்துக்கு அடிச்சு அடிச்சு பற்றறி இறங்கிடும்.

வட்டக்கச்சி அக்கா:
தம்பி, நான் நோர்வேயில ஸ்டவாங்கர். நானும் கிளாலியால வந்தவதான், அதால அம்மான்ர பயம் எனக்கு விளங்குது. எனக்குப் பயம் தண்ணியில இல்லை, இருட்டும் அந்த மோட்டர்ச் சத்தமும்தான், சத்தம் நிண்டா எல்லாரும் மூச்சைப் பிடிச்சுக்கொண்டு இருப்பம். இங்க வந்து முதல் வருசம் இவர் ஒரு விடியக்காலமை இருட்டோட கப்பல்ல ஏத்த, கீழ வாகனத்தட்டில கதவு மூடின சத்தத்துக்கு நான் காருக்குள்ளயே அழுதனான்.

அதால கீல் – ஒஸ்லோ இரவுக் கப்பல் எடுக்கவேண்டாம், 20 மணித்தியாலம், கபின் வசதி எண்டு எல்லாரும் சொல்லுவினம். ஆறுதலா இருக்கிறது எங்களுக்கு, அவாவுக்கு இல்லை. முதல் தரம் டென்மார்க்கில இருந்து சுவீடனுக்குப் போற ஹெல்சிங்கோர் – ஹெல்சிங்போரி கப்பல் எடுங்கோ. 20 நிமிசம், இக்கரையில நிண்டாலே அக்கரை வீடுகள் தெரியும். கோப்பன்ஹேகன் வரைக்கும் பாலத்தால வந்து இரவு அங்க தங்கி, விடிய பத்து மணிபோல ஏத்துங்கோ. காருக்குள்ள மினக்கெடாம முதல் ஆளா மேல கூட்டிக்கொண்டு போய் கண்ணாடிப் பக்கம் இருத்தி ஒரு தேத்தண்ணி வாங்கிக் குடுங்கோ. குடிச்சு முடியக் கரை வந்திடும்.

நோர்வேக்குள்ள வந்தா பேர்கனில இருந்து எங்கட பக்கம் வாற ஈ39 ரோட்டில ரெண்டு கப்பல், ஒண்டு முக்கால் மணித்தியாலம், மற்றது அரைக்கும் குறைவு. டிக்கட் வெட்ட ஆளில்லை, கமரா நம்பர் பிளேற்றைப் படம் எடுக்கும், பில் பிறகு அண்ணாவுக்குப் போகும். புக் பண்ணத் தேவையில்லை, வரிசையில நிண்டு ஏறவேண்டியதுதான். ஊரில வாகனம் ஏத்தி அக்கரைக்குக் கொண்டுபோற மிதவையைப் பாதை எண்டு சொல்லுவமே, அப்பிடித்தான், அவாவுக்கு பாதை எண்டே சொல்லுங்கோ, கப்பல் எண்ட சொல்லை எடுக்கவேண்டாம். கடைசியில நோர்வேயில இருந்து டென்மார்க்குக்குத் திரும்புற கிறிஸ்டியான்சாண்ட் – ஹிர்ட்ஷால்ஸ் கப்பல் மூண்டேகால் மணித்தியாலம், அந்தக் கடல் காத்தடிச்சா குலுக்கும், நடுக்கப்பல்ல கீழ்த்தட்டில இருந்தாக் குறையும், சத்திக் குளிசை ஏற முதலே போடவேணும், ஏறிப்போட்டுப் போட்டா வேலைசெய்யாது. அதுக்கு அவா சம்மதிக்காட்டி வந்த வழியால திரும்புங்கோ, ஒரு நாள்தான் கூட. வழியில எங்கட வீட்ட ஒருக்கா வாங்கோ, புட்டு அவிச்சு வைக்கிறன்.

பரந்தன் பெடியன்:
அக்கா, நீங்கள் எழுதினதை அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினன். கிளாலி வந்த இடத்தில கனநேரம் ஒண்டும் கதைக்கேல்லை. பிறகு கேட்டது ஒண்டுதான், அந்தப் பிள்ளை எந்த மாசம் வந்ததெண்டு. சொல்லுவீங்களோ?

20 நிமிசத்துக்கு ஓம் எண்டிட்டா, மூண்டேகாலுக்கு இன்னும் இல்லை. அண்ணா பெட்டியோட அளந்தார், 2 மீற்றர் 14, அவர் போட வெளிக்கிட்டது 2 மீற்றருக்குக் குறைஞ்ச டிக்கட், பேசாலை அண்ணை தப்பவைச்சிட்டியள். இன்சூரன்சில என்ர பேர் இல்லை, திங்கக்கிழமை கேக்கிறாராம். அக்கா, வரேக்க முறிகண்டிக் கச்சான் எத்தினை கிலோ கொண்டு வர?